அரைக் கட்டை

மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் எங்கள் கோவில் பாடகர் குழுவுக்கு ஆண் குரல் கிடைக்கும். மற்ற பத்து மாதமும் எங்கள் கீழ்க்குரல்காரர்கள் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் வீட்டில் தூங்குவார்கள். ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்த அறுபத்தொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பதினாலு ஆண்கள் குளித்து, பவுடர் போட்டு, பாட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் பாட வராது. ஆனால் மனதார வருவார்கள்.

ஃபாதர், நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். நேரில் என்றால் எனக்கு மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. இதை ஏன் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை என்றும் கேட்டீர்கள். பாவம் என்று தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதனால் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தடை முடியும் கடைசிச் சாயங்காலம் இங்கே படகு மந்திரிப்பு. சாமியார் படகு படகாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். கரையில் குழு பாடும். அன்றைக்குப் பாடுவது ஊர்க்காரர் ஒருவர் அந்த வருடம் கட்டிய புதுப் பாட்டாக இருக்க வேண்டும். பழைய பாட்டைப் பாடினால் பழைய மீன்தான் வரும் என்பார்கள். போன வருடப் பாட்டும் இந்த வருடப் பாட்டும் நான் கட்டியவை.

நான் ராமநாதபுரத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். பகலில் டியூஷன் எடுக்கிறேன், கோவிலில் கீபோர்டு வாசிக்கிறேன். மெட்டு எனக்குத் தேடாமலே வரும். இந்த வருட மெட்டு ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற மெஷினிலிருந்து வந்தது. அது மூன்று அடி அடித்து, ஒரு அடி விட்டு, பிறகு இழுத்து அரைக்கும். அதற்கு வார்த்தை போட்டால் போதும்.

வலையைத் தந்தீர், வயிற்றைத் தந்தீர்,
அலையின் மேலே பாதை தந்தீர்,
கரையே, கரையே, காத்திருக்கும் கரையே.

முதல் நாள் இதை வாசித்தவுடன் குழுத் தலைவர் சந்தியாகு மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வயித்தைத் தந்தீரா? ஏம்மா ஜெனிஸ்டா, சனம் சிரிக்காதா?"

"சிரிக்கட்டுமே மாஸ்டர்" என்றார் செவ்வந்தி அக்கா. "வயிறு இல்லாட்டி இவனுக கடலுக்கா போவானுக? கட்டிலை விட்டே எந்திரிக்க மாட்டானுக. புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு."

பதினாலு பேரும் சிரித்தார்கள். மைக் செட் போடும் தவ்ஃபீக் அண்ணன் மூலையிலிருந்து, "ஏலே, சிரிக்கிற சத்தத்துல பாதியைப் பாட்டுல காட்டுங்கலே" என்றார். அவர் பாம்பன்காரர், பள்ளிவாசலுக்கும் எங்கள் கோவிலுக்கும் அவர்தான் மைக். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு, எந்த நிகழ்ச்சியையும் பென்டிரைவில் பதிந்து வைப்பார். அதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

செவ்வந்தி அக்காவைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. மொபெட்டில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கச்சிமடம் வரை தெருத்தெருவாக விற்பார். "நகரையே, ஊளியே, பாறையே" என்று அவர் குரல் கொடுத்தால் நாலாவது தெருவில் சட்டியைக் கழுவி வைப்பார்கள். கோவிலில் அவர் வாயைத் திறந்தால் மின்விசிறிச் சத்தம் கேட்காது. கைக்குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பீடத்தைத் திரும்பிப் பார்க்கும்.

அதுதான் பிரச்சினை. அவர் பாடினால் மற்றவர்கள் பாட மாட்டார்கள், கேட்பார்கள். வழிபாட்டில் மக்கள் பாட வேண்டும், குழு அதற்கு உதவ வேண்டும் என்று பயிற்சி முகாமில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் குறிப்பெடுத்தேன். முந்நூறு பேர் வாயை மூடிக்கொண்டு ஒருவரைக் கேட்பது பூசையா, கச்சேரியா? இதை யோசிக்க வேண்டியது யாராவது ஒருவருடைய பொறுப்பு.

போன வருடம் நான் கட்டிய பாட்டை ஊரே "செவ்வந்தி பாட்டு" என்றது. தெருவில், வாட்ஸ்அப்பில், கல்யாண வீட்டில். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அதில் எனக்கு வருத்தமில்லை. பாட்டு ஆண்டவருடையது. யார் யார் அப்படிச் சொன்னார்கள் என்று நான் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை. டைரியில் நாற்பத்தொரு பேர் வரைதான் இருக்கிறது.

இனி வேலைக்கு வருகிறேன்.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தினால் முழுக் கீபோர்டும் அரைக் கட்டை மேலே போய்விடும். விரல் அதே இடத்தில் வாசிக்கும், சுருதி மட்டும் ஏறும். திரையில் ஒரு சின்ன எண் மாறும், அதை வாசிப்பவர் மட்டும்தான் பார்க்க முடியும். எங்களிடம் தபலா இல்லை, ரிதம் பேட்தான். தபலா இருந்திருந்தால் முதல் நாளே சுருதி சேராமல் மாட்டியிருப்பேன்.

பாட்டு நாலரைக் கட்டையில் தொடங்கியது. பன்னிரண்டு நாளுக்கு அரைக் கட்டை வீதம் ஐந்து முறை ஏற்றினால், கடைசி நாள் ஏழு கட்டை. மூன்றாம் அடியில் "கரையே" என்பது உச்சத்தில் நின்று இழுக்கிற இடம். அங்கே குரல்நாண் முதல் வாரத்தில் விநாடிக்கு ஐந்நூற்று ஐம்பத்து நாலு முறை அதிரும், கடைசியில் எழுநூற்று நாற்பது முறை. ஒரே தாவாகத் தாவினால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். பன்னிரண்டு நாள் இடைவெளி விட்டால் காது மறந்துவிடும். தொண்டை மறக்காது. ஆனால் தொண்டைக்குப் பேச வராது.

மாஸ்டர் கவனிக்கவில்லை. அவர் கை தாளத்தில் இருந்தது. ஆண்கள் எட்டாத இடத்தில் கீழே இறங்கிக்கொண்டார்கள், எப்போதும் அங்கேதான் இருப்பார்கள்.

இரண்டாவது முறை ஏற்றியபோது செவ்வந்தி அக்கா மூன்றாம் அடி முடிந்து தண்ணீர் கேட்டார். மூன்றாவது முறை ஏற்றியபோது, "ஏ புள்ள, எனக்கு வயசாயிருச்சா? ரெண்டு வாரம் முன்னாடி சும்மா ஏறுச்சே" என்றார்.

"பாட்டு அதேதான்க்கா. அடிவயித்துல இருந்து தள்ளிப் பாடுங்க."

தள்ளிப் பாடினார். சொன்னதைச் செய்கிறவர்.

மே மாதக் கடைசியில் அவருடைய பேச்சுக் குரலே கரகரத்தது. பாலில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் வேறெதுவும் கலக்கவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை. அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு வாரம் பாடாம இருந்து பாக்கட்டுமா புள்ள?"

அதைப் பற்றி நான் ஏற்கெனவே இணையத்தில் படித்திருந்தேன். ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

"விட்டுட்டா இறுகிரும்க்கா" என்றேன்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் சொன்னார். "எனக்குக் காரணம் தெரியும். போன வருசம் எல்லாரும் செவ்வந்தி பாட்டு, செவ்வந்தி பாட்டுன்னானுக. இது ஜெனி கட்டுன பாட்டுடான்னு ஒரு வார்த்தை நான் சொல்லல. நல்லா இருந்துச்சு, கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். அதைத்தான் ஆண்டவர் கேக்குறாரு போல. நீ மனசுல வச்சுக்காத தாயி."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவருடைய கையைப் பிடித்து ஜெபித்தேன். மற்றவர் முன் வாய்விட்டு ஜெபித்தது அதுதான் எனக்கு முதல் தடவை. கூச்சமே இல்லை, அதுவே ஒரு நல்ல அடையாளம் என்று நினைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டதும் எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் நாலாவது அரைக் கட்டைக்கான நாள். ஏற்றினேன். அட்டவணை போட்ட பிறகு நடுவில் மாற்றினால் ஆய்வு கெட்டுப்போகும்.

ஜூன் பதினாலு நல்ல நாளாக அமைந்தது. காற்று அடங்கியிருந்தது. படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, மாலையும் சீரியல் பல்பும் கட்டியிருந்தார்கள். உங்களுக்கு முன்பிருந்த சாமியார் முதல் படகில் ஏறும்போது வழுக்கி, மூன்று பேர் அவரைத் தாங்கி, தீர்த்தச் செம்பை நாலாவது ஆள் பிடித்தார். ஊரே சிரித்தது. செவ்வந்தி அக்கா பச்சைப் பட்டுச் சேலை. என் தலையில் மல்லிகைப்பூ வைத்தது அவர்தான்.

பட்டனை ஐந்தாவது முறை அழுத்திவிட்டுத் தொடங்கினேன்.

முதல் இரண்டு அடி அழகாக வந்தது. அவ்வளவு உயரத்திலும் அழகாக வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. மூன்றாம் அடியில் முதல் "கரையே" ஏறியது. இரண்டாவது ஏறும்போது, இழுத்துக் கட்டிய கயிறு அறுபட்டதுபோல ஒரு சின்னச் சத்தம், பிறகு காற்று மட்டும். அவர் முந்தானையால் வாயைத் துடைத்தார். பச்சையில் சிவப்பு நன்றாகத் தெரியும்.

பட்டனை ஐந்து முறை கீழே அழுத்தினேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை, கை பழகியிருந்தது. நாலரைக் கட்டையில் நானே அந்த அடியைப் பாடினேன். நாலரைக் கட்டை என் குரலுக்குப் பொருந்தும். அது தற்செயல். அடுத்த முறை "வலையைத் தந்தீர்" வந்தபோது ஊரே சேர்ந்து பாடியது. கரையில் நின்ற முந்நூறு பேரும், பதினாலு கீழ்க்குரல்காரர்களும், படகில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சாமியாரும். ஃபாதர், நீங்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். நான் நினைத்தது சரி என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அக்காவை மதுரையில் காட்டினார்கள். குரல்நாணில் ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது, பேசலாம், பாட முடியாது என்றார் டாக்டர். மீன் விற்கக் குரல் கொடுக்கவும் முடியாது. அதற்குத்தான் தவ்ஃபீக் அண்ணன் உதவப்போனார். மொபெட்டில் கட்ட ஒரு சின்ன ஸ்பீக்கர் தயார் செய்தார். அதில் போட அக்காவின் பழைய குரல் எங்காவது கிடைக்குமா என்று பயிற்சிப் பதிவுகளையெல்லாம் வரிசையாகக் கேட்டிருக்கிறார். ஒரு நாள் இடைவேளையில் அக்கா விளையாட்டாகக் கூவிய "நகரையே, ஊளியே" கிடைத்துவிட்டது. இப்போது தெருவில் அதுதான் ஓடுகிறது. நன்றாகவே விற்கிறது என்று கேள்விப்பட்டேன்.

வரிசையாகக் கேட்டதில் அவருக்கு மற்றதும் கிடைத்துவிட்டது. என் டியூஷன் வாசலுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"தங்கச்சி, நாலரையில ஆரம்பிச்ச பாட்டு ஏழுக்கு எப்படிம்மா போச்சு? படியேறியா போச்சு?"

நான் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தப் போய்விட்டேன். எனக்குத்தான் பேச வராதே. மறுநாள் அவர் பென்டிரைவை உங்களிடம் கொடுத்தார்.

ஆமாம், ஃபாதர். நான்தான் செய்தேன். ஐந்து முறையும் தெரிந்தே செய்தேன். ஓய்வெடுக்காதீர்கள் என்று சொன்னதும் தெரிந்தேதான்.

செவ்வந்தி அக்காவிடம் உண்மையைச் சொல்லப்போவதாகச் சொன்னீர்கள். ஆண்டவர் தன்னைத் தண்டித்துவிட்டார் என்று நினைத்து அவர் நற்கருணை வாங்கக்கூட எழுந்து வருவதில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார், அந்தப் பாரத்தையாவது இறக்க வேண்டும் என்றீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். அவரிடம் இப்போது இருக்கிற தாழ்மை முன்பு இல்லை. ஆண்டவர் எடுத்தார் என்றால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. ஒரு பட்டன் எடுத்தது என்று சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும்? நான் அவருக்காகத்தான் சொல்கிறேன். என்னைக் குழுவிலிருந்து நீக்குவதும் நீக்காததும் உங்கள் விருப்பம். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை வேறு யார் பாடுவார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

நோக்கத்தைப் பாருங்கள். மக்கள் பாட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. போன ஞாயிறுகூட, காணிக்கைப் பாட்டை நான் பாடிக்கொண்டிருந்தபோது முன்வரிசைப் பெண்கள் ஐந்தாறு பேர் கூடச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அடுத்த சரணத்துக்கு அரைக் கட்டை ஏற்றினேன். நிறுத்திக்கொண்டார்கள்.