லில்லிக்குச் சேத்த நாயி

கூடைய மூடாத தாயி, அதுக்கு மூச்சு முட்டும். கடிக்காது, எனக்குத் தெரியும். குட்டியா? இல்ல, இது வளந்த நாய்தான். இந்தச் சாதிக்கு வளத்தியே இம்புட்டுத்தான். செம்பட்டிக்கா போற? கொழுந்தன் வீட்டு ஆண் நாயோட சேக்கவா? அது எம்புட்டு ஒசரம் இருக்கும்? கையக் காட்டு. அடியாத்தீ, ஒன் இடுப்புக்கு வருதே!

வேணாம். அடுத்த ஸ்டாப்புல எறங்கித் திரும்பிப் போயிரு.

ஏன்னா கேக்குற? சொல்றேன், கேளு. எம் பேரு செபஸ்தியம்மா. சிறுமலையில காப்பித் தோட்டத்துத் தொரை பங்களாவுல ஆயாவா இருந்தேன். தொரையும் தொரசாணியும் கப்பலேறி அவுக ஊருக்குப் போறப்ப, லில்லின்னு இதே மாதிரி ஒரு வெள்ளை நாய், அத எங் கையில குடுத்துட்டு தொரசாணி அப்பிடி அழுதா. தூக்கிக்கிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரரு அங்க தோல்ஷாப்புல தோல் ஊற வைக்கிற வேலை. புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாக. இப்பச் சொன்னா என்ன, ராயப்பராஜ்.

அடிக்கிற ஆளு. ஒரு அறை, ரெண்டு அறைன்னு நெனச்சுக்காத. ஈரத்தோலு காயப் போடுற கம்பு இருக்கும், அதால. அந்தப் பக்கத்துக் காது எனக்குக் கேக்காது. அதான் ஒன்னைய இந்தப் பக்கம் மாறி ஒக்காரச் சொன்னேன். அடி விழுகுற சத்தம் கேட்டா அக்கம்பக்கத்துல கதவச் சாத்திக்குவாக. லில்லிதான் குறுக்க பாஞ்சுச்சு. வந்த மொத நாளு கம்ப ஓங்குறாரு, போய் வேட்டியக் கவ்விக்கிருச்சு. ஒரு ஒதை விட்டாரு, அடுப்படியில போய் விழுந்துச்சு. எந்திரிச்சு வந்து திரும்பவும் கவ்வுது. எனக்காக நின்ன ஒரே உசுரு தாயி அது. பெத்த புள்ள கூட எனக்கு இல்ல.

தோல்ஷாப்பு மேனேஜர் மக லில்லியப் பாத்துட்டு, இதுல ஒரு குட்டி வேணும்னுச்சு. ஆகட்டும் பாப்பான்னுட்டாரு இவரு. குட்டி குடுத்தா மேஸ்திரி ஆக்கிருவாகன்னு நெனப்பு. இந்தச் சாதி ஆண் நாய்க்கு எங்க போக? ஒட்டஞ்சத்திரத்துலருந்து காய் ஏத்திட்டு வர்ற டிரைவர் மலைச்சாமி எங்க தெருமுக்குலதான் டீ குடிப்பாரு. அவரு லாரிக்குக் காவலா ஒரு நாய் இருக்கும், கன்னுக்குட்டி ஒசரம். அதத்தான் எங்க வீட்டுக்காரரு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. இவரு எரியோட்டுல ஆடு மேய்ச்ச குடும்பம்ல. பெரிய கிடாவாச் சேத்தா குட்டி தெறிப்பா விழுகும்னாரு. அது ஆட்டுக்குச் சரி, இது தாங்காதுன்னேன். அதுக்கு முதுகுல நாலு விழுந்துச்சு.

லில்லி வாயத் துணியால கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அந்தப் பெரிய நாய் வாயக் கட்டல. அது லில்லி கழுத்தக் கவ்விக் குதறிருச்சு. நாந்தான் மஞ்சள வச்சு அமுக்கினேன்.

ரெண்டு மாசம் வயித்தத் தூக்க மாட்டாம நடந்துச்சு. கடைசி ரெண்டு நாளு மூலையில போய் ஒண்டிக்கிட்டு ஒரே எச்சி வடியுது, தண்ணி குடிக்கல, எனக்கே உறுமுது. செனை நாயி, அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம காலப் பூசை முடிஞ்சு வாரேன், நோவு கண்டிருச்சு. உச்சி வெயில் வரைக்கும் முக்குது, குட்டி தலை வந்து மாட்டிக்கிருச்சு. மாட்டாசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்யான்னு கால்ல விழுந்தேன். எத்தனை ஆட்டுக்கு நான் இழுத்துப் போட்டிருக்கேன், போடீன்னு கையில வெளக்கெண்ணையத் தடவுனாரு.

ஆட்டுக்கு இழுக்குற இழுவை தாயி. மொழங்காலால நெஞ்ச அமுக்கிக்கிட்டு இழுத்தாரு. குட்டி தலை மட்டும் தனியாக் கையோட வந்துருச்சு. லில்லி திரும்பி அவரு கட்டை வெரல எலும்பு தெரியக் கடிச்சிருச்சு. விடல. செவுத்துல அடிச்சாரு, அப்பவும் விடல. மூணாவது அடியிலதான் வாய் தெறந்துச்சு. அதோட போயிருச்சு. அப்பறம் கம்ப எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்தாரு, நாய நாந்தான் ஏவி விட்டேனாம்.

குழிய நாந்தான் தோண்டினேன், ஒடஞ்ச கையோட.

அவரா? அவரு அதுக்கப்பறம் நாப்பது நாளு இருந்தாரு. மொதல்ல காய்ச்சல்னாக. பெறகு தண்ணிச் செம்பக் கண்டாலே தொண்டைய இழுத்துக்கிட்டுக் கத்துறாரு, காத்துப் பட்டாக் கூடத் துள்ளுறாரு. நாலு ஆம்பளைக கட்டிலோட வச்சுக் கட்டினாக. கோயில் சாமியாரு, சாகப் போறவுகளுக்குப் பூசுற அவஸ்தை எண்ணெ பூச வந்தவரு, வாசப்படியிலேயே நின்னுட்டாரு. மூணு நாளு அந்தக் கத்தல்.

ஆமா தாயி, வெறிதான். அந்த லாரி நாய்கிட்டருந்து லில்லிக்கு வந்துச்சு, லில்லிகிட்டருந்து இவருக்கு.

முன்னாடியே தெரியாதான்னா கேக்குற? தெரியும். லில்லியப் பொதைச்ச நாலாம் நாளு மலைச்சாமி லாரி வந்து நின்னுச்சு. எறங்கி ஓடியாராரு. ஏனுங்கக்கா, அண்ணன் இல்லீங்களா, நான் கேரளாப் பக்கமே ஓடிட்டு இருந்துட்டனுங்க, எங்க நாயி இங்கிருந்து போன நாலு நாளுல வெறி புடிச்சுப் போச்சுங்க, என்னையக் கையில கடிச்சுப்போடுச்சுங்க, அடிச்சுக் கொன்னுட்டமுங்க. உங்க நாயி ஆரையாச்சும் கடிச்சிருந்தா உடனே பெரிய ஆசுபத்திரிக்குப் போயி தொப்புளச் சுத்தி ஊசி போட்டுக்கோணுங்க, நான் போட்டுத்தான் பொழச்சு நிக்கறனுங்க, அண்ணங்கிட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்கன்னாரு. சரிப்பா, சொல்லிடுறேன்னேன்.

சாயந்தரம் அவரு வந்தாரு. வெரலு குடையுது, வேப்பெண்ண காய்ச்சுன்னாரு. காய்ச்சிக் குடுத்தேன். தடவிக்கிட்டே, மலைச்சாமி லாரி நின்னுச்சாமே, என்னவாம்னு கேட்டாரு.

டீ குடிக்க நிறுத்திருப்பாருன்னேன்.