ஒரு செங்கல் ஒசரம்

— கொத்த வேணாமா? என்ன மதினி சொல்றீக. பழைய தளத்தக் கொத்தாம மேலயே கல்லப் பதிச்சா அடுப்படி ஒசந்துல்ல போகும்.

— ஒசரட்டும் காளிராஜு.

— நீங்க பாட்டுக்கு ஒசரட்டும்ங்கிறீக. இந்தா பாருங்க. அங்கிட்டு முன்வீடு, இங்கிட்டு அடுப்படி, நடுவுல இந்த நிலை. இப்ப ரெண்டு தளமும் ஒரே மட்டமா இருக்கு. கலவையும் டைல்ஸும் சேந்தா ரெண்டு இஞ்சு ஏறிரும். போக வர காலு தட்டும். நாளைக்கு ஒங்க மக ரேணுகா கோயமுத்தூர்ல இருந்து வந்தான்னா, காளிராஜ் சித்தப்பா என்னத்த வேல பாத்தாகன்னு என்னையத்தான் கேப்பா.

— அவ கேக்க மாட்டா. அருப்புக்கோட்டைக் கடையில சொல்லி லோடு எறக்கிவிட்டா. அதோட சரி.

— நல்ல கல்லாத்தான் எடுத்துருக்கா. மங்குன வெள்ளை, எண்ணெ சிந்துனாலும் வழுக்காது. நான் என்ன சொல்றேன்னா, பழசக் கொத்தி எறக்கிருவோம். கையாளு ரெண்டு பேரும் குமாரலிங்கபுரம் பக்கம் வேலை கெடைக்குதுன்னு பஸ்ஸு ஏறிட்டானுக, ஒத்த ஆளாத்தான் நிக்கிறேன். இருந்தாலும் நானே கொத்திக்கிறேன், பாத்துக்கங்க.

— கொத்தாத. ஒசத்திப் போடு. ஒரு செங்கல் ஒசரம்.

— ஒரு செங்கலா? வெளையாடுறீகளா மதினி. எதுக்கு?

— தண்ணி முன்வீட்டுக்கு வருது.

— தண்ணிக்கா. தண்ணிக்கு எதுக்கு ஒசத்தணும்? அந்த மூலையில தண்ணி போற குழாய் கெடக்கு. அங்கிட்டுப் பாத்து லேசாச் சரிச்சு வாட்டம் விட்டா ஒரு சொட்டு வெளிய வராது.

— இருக்கட்டும். நீ ஒசத்து.

— அடுப்பு மேடை கீழ போயிரும். குனிஞ்சு நின்னு சமைக்கணும்.

— குனிஞ்சுக்கிறேன்.

— அதெல்லாம் விடுங்க. சோணைமுத்து அண்ணே வீல்சேரு எப்படி உள்ள வரும்? அத யோசிச்சீகளா?

— ம்.

— நான் என்ன நெனச்சுட்டு வந்தேன் தெரியுமா? இந்த வாசல்ல வழவழன்னு ஒரே மட்டமாப் பதிச்சு, அண்ணே ஒத்தக் கையால ஒரு தள்ளு தள்ளுனாலே அடுப்புக்கிட்ட வந்து நிக்கிற மாதிரி பண்ணிரணும்னு. வீரசோழன் ஊர்ல ஒரு பாய் வீட்டுல அப்படித்தான் பண்ணிக் குடுத்தேன். அந்தப் பெரியவரு வண்டியில வந்து அடுப்படியில ஒக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு. அந்தம்மாவுக்கு அம்புட்டுச் சந்தோசம்.

— எனக்கு வேணாம்.

— கூலியில சேக்க மாட்டேன் மதினி. எங்க அண்ணனுக்கு நான் செய்யிறது.

— வேணாம்னு சொல்றேன்ல.

— சரி சரி. மொதல்ல குழியெல்லாம் அடச்சுட்டு அப்பறம் பேசுவோம். என்ன தளம் இது. நம்ம பரளச்சிக் கரிசக்காடு சித்திரையில வெடிச்சுக் கெடக்குமே, அது மாதிரில்ல கெடக்கு. இந்தா, அடுப்புக்கு நேரா ஒரு குழி. நாலு வெரலு உள்ள போகுது. என்னத்தப் போட்டீக?

— குழவி.

— அம்மிக் குழவியா? கை வழுக்கிருச்சாக்கும்.

— எறிஞ்சாக.

— யாரு?

— ஒங்கண்ணன்தான். நான் நகண்டுட்டேன், தரையில விழுந்துச்சு. ரேணுகா அப்ப ஏழாப்புப் படிச்சா. இந்தா இந்த மூலையில நின்னா.

— அப்ப செவத்தோரம் பேந்து கெடக்குறது?

— அது குக்கரு. அடச்சுட்டுப் போ.

— அண்ணே கோவக்காரவுகன்னு ஊருக்கே தெரியும் மதினி. ரெண்டு தெரு தள்ளி இருக்குற எங்க வீட்டுக்கே சத்தம் கேக்கும். ஆனா அது அவுக நல்லா நடந்த காலம். இப்ப வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கெடக்காக. பாவம், இனிமே என்ன இருக்கு.

— எடது பக்கந்தான் விழுந்துச்சு.

— மதினி.

— வலது கை நல்லாருக்கு. முன்னைக்கு இப்ப வலுவு கூட. வண்டி தள்ளித் தள்ளி.

— இப்பவுமா?

— முன்ன செருப்புச் சத்தம் கேக்கும். வாராகன்னு தெரிஞ்சா செவத்தோரமாப் போயிருவேன். இந்த வண்டிச் சக்கரம் ரப்பரு. சத்தமே இல்ல. நான் அடுப்பப் பாத்து நிப்பேன், வாசலு முதுகுக்குப் பின்னாடி இருக்கு. போன மாசம் கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்தேன். வந்து கொண்டையப் புடிச்சு இழுத்துட்டாக.

— கஞ்சி மேல கொட்டிருச்சா?

— கையில. இந்தா. ஆறிருச்சு.

— இதுவா ஆறிருச்சு. தோலு இன்னும் செவசெவன்னு இருக்கு. எதுக்கு இழுத்தாகளாம்?

— ஏதாச்சும் வேணும்னா சக்கரக் கம்பியில கரண்டியால தட்டுவாக. பேச்சு நல்லா வரும், ஆனா தட்டித்தான் கூப்புடுவாக. அன்னைக்கு குக்கரு விசிலு சத்தத்துல எனக்குக் கேக்கல.

— மதினி, ரேணுகாகிட்டச் சொன்னீகளா?

— சொன்னேன். இங்க வந்துரும்மான்னா. நான் போயிட்டா இவுகள யாரு பாப்பா? ஒன்னுக்கு இருக்கணும்னாலும் நாந்தான் தூக்கணும். பல்லு வெளக்கி விடுறேன். குளிப்பாட்டுறேன். சோத்தப் பெசஞ்சு கையில குடுக்கிறேன். அதுக்கெல்லாம் நான் அந்தப் பக்கம் போயிக்கிறேன். அவுக இந்தப் பக்கம் வர வேணாம். அம்புட்டுத்தான் நான் கேக்குறது.

— அப்ப ஒரு கதவு போட்டுருவோம். நிலைதான் இருக்கே.

— இருந்த கதவு மாட்டுக்கொட்டத்துல கெடக்கு. நடக்குற காலத்துல, நான் உள்ள தாப்பா போட்டுக்கிட்டேன்னு ஒதச்சு ஒடச்சாக. கதவு போட்டா அடைக்கணும். அடச்சா இன்னுங் கோவம் வரும். வாரவுக போறவுக எதுக்கு அடுப்படியில தாப்பாள்னு கேப்பாக. படியப் பாத்து யாரு கேக்கப் போறா.

— நான் கேட்டேனே.

— நீ கொத்தனாரு.

— அழுகாதீகன்னு சொல்லலாம்னா, நீங்க அழுகவும் மாட்டேங்கிறீக. யாரு வீட்டுக் கதையோ மாதிரி சொல்றீக.

— அழுகை வரல காளிராஜு. முன்ன வரும். இப்ப பயமும் இல்ல, கோவமும் இல்ல, மரத்துப்போச்சு. கஞ்சி கொட்டுனப்பகூட அடுப்ப அமத்திட்டுத்தான் கையப் பாத்தேன்.

— ம். ஒரு செங்கல்னு எப்படிக் கணக்குப் பண்ணுனீக?

— வச்சுப் பாத்தேன். பொங்கல் அடுப்புக்கு வாங்குன செங்கல் கெடந்துச்சு. இந்த வாசல்ல ஒரு வரிசை படுக்கப் போட்டேன். அவுக கேட்டாக, டைல்ஸு வேலைக்குன்னேன். வண்டியத் தள்ளிட்டு வந்தாக. முன்னாடி இருக்குற சின்னச் சக்கரம் முட்டி நின்னுருச்சு. கொஞ்ச நேரம் பாத்தாக. திரும்பிப் போயிட்டாக.

— அப்பறம்?

— அப்பறம் என்ன. சோறு வடிச்சேன், ரசம் வச்சேன். ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல. மறுநா செங்கல எடுத்து அடுக்கிட்டேன். நீ வாரேன்னு சொன்னேல்ல.

— செய்யலாம் மதினி. முழுக்க ஒசத்தணும்னா மண்ணு ரொப்பணும், ஒரு நாளு கூட ஆகும், அதப் பத்தி இல்ல. ஆனா இது அண்ணே கட்டுன வீடு. அவுகள ஒரு வார்த்தை கேக்காம, அவுக வர்ற வாசல்ல நான் படி வச்சேன்னா, அப்பறம் எப்படி அவுக மொகத்துல முழிப்பேன்?

— கேட்டா வேணாம்பாக.

— கேக்காம என்னால கை வைக்க முடியாது. தப்பா நெனைக்காதீக.

— அப்பக் கேளு. தண்ணிக்குன்னு சொல்லு. வேணாம்னாகன்னா கலவையக் கொழைக்காத. கல்லத் திருப்பி ஏத்தி விட்டுரு. ரேணுகாகிட்ட நான் சொல்லிக்கிறேன். குழியாவே கெடக்கட்டும்.

— இந்தா தட்டுற சத்தம் கேக்குது.

— கரண்டிதான். ஒன்னையத்தான் கூப்புடுறாக, எனக்குன்னா இன்னும் வேகமா இருக்கும். போ. நான் இங்கனயே நிக்கிறேன்.

— வந்துட்டேண்ணே. என்ன வேணும், தண்ணி கொண்டாரவா?

— என்னலே காளிராஜு, வந்த நேரத்துல இருந்து குசுகுசுன்னு. வேலைய ஆரம்பிக்கலையா?

— ஆரம்பிக்கணும்ண்ணே. ஒங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்னுதான். அடுப்படித் தளத்தக் கொஞ்சம் ஒசத்தலாம்னு மதினி சொல்றாக. தண்ணி முன்வீட்டுக்கு வருதாம்ல.

— தண்ணியா? காலையில இருந்து பொழுது அடையிற வரைக்கும் இந்த வாசலப் பாத்துத்தான் ஒக்காந்துருக்கேன். நான் பாக்காத தண்ணி எங்கலே வருது?

— அப்ப வேணாமாண்ணே? பழைய மட்டத்துக்கே போட்டுரவா?

— எம்புட்டு ஒசத்தச் சொன்னா?

— ஒரு செங்கல்.

— ம்.

— வேணாம்னா இப்பவே சொல்லிருங்க. கலவை இன்னும் கொழைக்கல.

— வாசல்ல செங்கல் போட்டு வச்சிருந்தா, சொன்னாளா?

— சொன்னாக.

— சின்னச் சக்கரம் முட்டி நின்னுச்சு. அவ அடுப்படியில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. என்னைய இல்ல, சக்கரத்தப் பாத்தா.

— அண்ணே, நீங்க ஒன்னும் மனசுல வச்சுக்காதீக. மதினி தண்ணிக்குத்தான்.

— இருலே. மறுநா காலையில அவ ரேசன் கடைக்குப் போயிட்டா. செங்கல் அங்கனயேதான் கெடந்துச்சு. வண்டியப் பின்பக்கமாத் திருப்புனேன். இந்தக் கையால நிலையப் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தேன். பெரிய சக்கரம் ஏறிருச்சு. நேரா அடுப்புக்கிட்டப் போயி நின்னேன்.

— அண்ணே.

— அவளுக்கு அது தெரியாது. என்னைய நிறுத்த ஒரு செங்கல் பத்தாதுலே. ரெண்டா வையி.