ஆறு வந்து போன கிணறு

பிறர் பேச்சுக்குச் செவி கொடுப்பது என் வழக்கமன்று. எனினும், நஞ்சன்கூட்டிலிருந்து மைசூர் வரும் புகைவண்டியில் ஒருநாள் நாளிதழை மடித்து வைக்க நேர்ந்தது. எதிர்ப்பலகையில் கொள்ளேகால் பக்கத்து உழவர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் பெண்ணின் தகப்பனார். மற்றவர் வரன் தேடிக் கொடுத்த அவர் மைத்துனர். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர்.

“அவிங்க புதுசா வெட்டுன கெணத்துல, முப்பதடி ஆழத்துல உருண்டைக் கூழாங்கல்லுங்க மச்சான். ஆறு வந்து போன எடம். என்ற புள்ளையக் குடுக்க மாட்டேன்.”

“கபினி நாலு மைலு தள்ளிப் போவுது, மாப்ள!”

“ஒரு காலத்துல பெருவெள்ளம் வந்து, பாறையெல்லாம் உருட்டி, ஆத்தையே எடம் மாத்திருச்சுன்னு, கெணத்தப் பாத்த சர்வே தொரையே சொன்னாராமுங்க.”

“மனுசன் பொறக்கறதுக்கு முந்தின்னும் சொன்னாரே, அது காதுல உழுகலியா?”

“ஒருக்கா வந்தது இன்னொருக்கா வராதுங்களா?”

“பையன் எப்படி?”

“பையன் தங்கமுங்க.”

மைத்துனர் துண்டை உதறித் தோளில் போட்டார். “போன வரனுக்குப் பல்லு எடுப்புன்னீங்க. அதுக்கு முந்தின ஊட்டுல நாய் கொலைக்குதுன்னீங்க. இப்ப, ஒருத்தரும் பாக்காத வெள்ளம்! எந்த ஊட்டுக்குத்தான் அனுப்புவீங்க? பையன் உங்க ஊட்டுக்கே வந்துறணுமா?”

தகப்பனார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சாமுண்டி மலை தெரியத் தொடங்கியது.

“கெழக்கால ஒரு அறை கட்டி, சுண்ணாம்பும் அடிச்சு வெச்சிருக்கறேனுங்க மச்சான்.”