ஆளில்லாத நாலு மாதம்

லைஃப் ஜாக்கெட்டைக் கழுவ மழைத் தண்ணீர்தான் நல்லது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பு போன மாதிரி இருக்கும், காய்ந்ததும் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் எங்கள் பக்கம் அதைவிட மோசம், கிணறே பாதி கடல்தான். அதனால் ஜூனில் மழை பிடித்ததும் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் டிரம்மை வைத்து, எல்லா ஜாக்கெட்டையும் ஊறப்போட்டுக் கசக்கி, ஷெட்டுக்குள் கொடி கட்டித் தொங்கவிடுவேன். வருடா வருடம் செய்வதுதான், இந்த வருடமும் செய்தேன். சம்பவம் நடந்த அன்று ஜாக்கெட் எல்லாம் ஈரமாகக் கிடந்தது அதனால்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும், சார்.

என் பெயர் ரெஜி. சொந்த ஊர் திருப்புறம். பூவாரில், நெய்யாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சர்ஃபிங் பள்ளி நடத்துகிறேன். பலகையில் ஏறி அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். அக்டோபரிலிருந்து மே வரை ஆட்கள் வருவார்கள். பெங்களூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள், திருவனந்தபுரத்து ஐ.டி. பிள்ளைகள். வருகிறவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள், சுறா வருமா என்று. வராது என்று சொல்வேன். அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும், அங்கேதான் சிரமம். எட்டு மாதம் விடாமல் சிரித்தால் தாடை வலிக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி.

ஜூன் வந்தால் கடல் கலங்கிவிடும். கற்றுக்கொள்கிறவர்கள் காலை நனைக்கக்கூட முடியாது. நாலு மாதம் பள்ளி மூடல். அப்போது நான் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய மெழுகைச் சுரண்டி, அடிபட்ட இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெசின் ஊற்றிக் காயவைப்பேன். மதியம் மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன் கறியும். சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். எனக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. அந்த நாலு மாதத்துக்காகத்தான் மீதி எட்டு மாதத்தைத் தள்ளுகிறேன் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஷைஜு என் தங்கை ஷீனாவின் கணவன். ஊர் குன்னத்துகால். ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவன். கல்யாணம் முடிந்ததும் பள்ளியில் கூட்டாளியாகச் சேர்ந்தான். பலகைமேல் அவனுக்கு நிற்க வராது, நீச்சலும் சுமார்தான். ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையை அக்குளில் இடுக்கி நின்றால், அவன்தான் ஆசான் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருவதில் கெட்டிக்காரன், நல்ல பையன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

மே கடைசியில் ஒருநாள் ஷெட்டுக்கு வந்தான்.

"அளியா," என்றான். மச்சினனை எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவது வழக்கம். "மழையப் பாக்கவே ஆளுவ பைசா குடுத்து வாறாவ. நம்ம நாலு மாசம் பூட்டிப் போட்டுட்டு இருக்கோம். மழைக்கு ஒரு கேம்ப் நடத்துவோம், கேட்டியா. கடல்ல எறங்காண்டாம், ஆத்துல பலகை மேல இருந்து துடுப்பு போடட்டு. சாயந்திரம் கட்டன் சாயா, மரச்சீனி. நீ சும்மா நின்னு சிரிச்சாப் போரும்."

"மழைக்கு எனக்கு வேலை உண்டு," என்றேன்.

"என்னவாக்கும் வேலை? பலகையத் தேச்சிட்டு இருக்கதா?"

அது மனதில் தைத்தது.

அவன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஷீனா நர்ஸ். குவைத்தில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி வருடம் முழுக்க ஓடினால் அவள் போக வேண்டாம், இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம், அதுதான் அவன் கணக்கு. நான் ஷீனாவிடம் பேசிப் பார்த்தேன். குவைத் நல்ல ஊர், மழையே கிடையாது என்றேன். அவள் அழுதாள். "நான் போனா இவரு இஞ்ச தனியாக் கெடப்பாரு அண்ணா. ஒனக்கு மனசே இல்லியா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று சொன்னேன். ஷைஜுவிடமும் சமாதானமாகத்தான் போனேன். இரண்டு மாதம் நீ எடுத்துக்கொள், இரண்டு மாதத்தை எனக்கு விடு என்றேன். நான் தமாஷ் பண்ணுவதாக நினைத்து முதுகில் தட்டினான். நான் எல்லா வழியும் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இனி பொழியைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் வாக்குமூலத்தில் இருக்கட்டும். ஆறு கடலில் விழும் வாயைப் பொழி என்போம். கடல் மணலைத் தள்ளித் தள்ளி அந்த வாயை அடைத்துவிடும். அப்போது ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல் வரம்பு. மழை வலுத்தால் ஆறு நிரம்பி வாழைத் தோட்டத்துக்குள் ஏறும். அப்போது ஆள் கூடிப் பொழியை வெட்டுவார்கள். மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சால் இழுத்தால் போதும், மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும். முதலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் போவது மாதிரி போகும். ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரு பஸ்ஸை முழுங்கும் அகலத்துக்கு வாய் திறந்திருக்கும். ஓரத்து மணல் மேலே பார்க்க உறுதியாகத் தெரியும், அடியில் ஒன்றும் இருக்காது. அதனால் கடற்கரையில் பிறந்த யாரும் வெட்டிய பொழியின் ஓரத்தில் நிற்கமாட்டார்கள். குன்னத்துகாலில் பொழி கிடையாது.

கேம்ப்புக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டும் என்று ஷைஜு சொன்னான். முன்னால் கடல், பின்னால் ஆறு, நடுவில் பலகையோடு அவன். நல்ல யோசனை என்றேன். இடம் நான் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

வீடியோ எடுக்கிற அன்று விடிந்ததும் மண்வெட்டியோடு போய் வரம்பின் குறுக்கே சால் வெட்டினேன். ஆற்றுப் பக்கம் மட்டும் கை அகலத்துக்கு மணலை விட்டுவைத்தேன். வெட்டிய இடத்தில் காய்ந்த ஓலையைப் போட்டு மூடினேன். அந்தப் பக்கம் நாய்கள் ஓடும், விழுந்து காலை முறித்துக்கொள்ளக் கூடாது.

ஷைஜு குளித்து, தலை சீவி, மஞ்சள் பலகையோடு வந்தான். கால் கயிற்றைக் கட்டிக்கொள், அப்போதுதான் பார்க்க முறையாக இருக்கும் என்றேன். பலகையையும் காலையும் சேர்க்கும் கயிறு அது. கடலில் உயிரைக் காக்கும். ஓடுகிற ஆற்றில் பலகை எங்கே போகிறதோ அங்கே ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் வகுப்பிலேயே இதை நான் சொல்லிக்கொடுத்துவிடுவேன். அவன் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை.

"ஜாக்கெட் வேண்டாமா அளியா?" என்று கேட்டான்.

"எல்லாம் ஈரமாக் கெடக்கு," என்றேன். அது உண்மை.

சாலின் கடல் பக்கத்து முனையில் அவனை நிறுத்தினேன். போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அதைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். மழையில் பூவார் எவ்வளவு அழகு என்று சொன்னான். நன்றாகத்தான் பேசினான். நான் ஆற்றுப் பக்கம் போய், ஓலையை இழுத்துப் போட்டுவிட்டு, விட்டுவைத்த மணலை மண்வெட்டியால் ஒரு தள்ளு தள்ளினேன். பிறகு நன்றாகத் தள்ளி வந்து நின்றுகொண்டேன். தண்ணீர் அவன் பக்கத்தில் வந்ததும் குனிந்து பார்த்தான்.

"கொள்ளாம் அளியா! நீ வெட்டி விட்டியா? இதும் வீடியோல வரட்டு."

"இன்னும் கொஞ்சம் ஓரத்துல நில்லு மக்கா," என்றேன். "நல்லாத் தெரியும்."

நின்றான். நான் சொன்னால் கேட்பான், அந்தக் குணம் அவனிடம் உண்டு. சால் அகன்றுகொண்டே வந்தது, மணல் சத்தமில்லாமல்தான் இறங்கியது. முதலில் பலகை போயிற்று, அது போன பிறகு கயிறு இழுத்தது. போனும் ஸ்டாண்டும் கூடவே போய்விட்டன. 'அளியா' என்று கூப்பிட்டான். இரண்டாம் முறையும் கூப்பிட்டான். நான் மீட்புப் பயிற்சி முடித்தவன், சார். இழுத்தெடுக்கும் மிதவை ஷெட்டுச் சுவரில் தொங்குகிறது. இந்தக் கடலிலிருந்து எத்தனையோ பேரைக் கரையில் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஊருக்கே அது தெரியும், அதனால்தான் அன்று நான் என்ன செய்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். தூறல் போட்டது. அவன் குரல் ஓய்ந்த பிறகு மண்வெட்டியை ஷெட்டில் வைத்துவிட்டு, மிதவையை எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே ஓடினேன். என் கத்தலைக் கேட்டே தங்களுக்கு அழுகை வந்துவிட்டது என்று பிறகு பலபேர் சொன்னார்கள்.

பொழியூர் பக்கம் கரைமடி வலைக்காரர்கள் அவனை எடுத்தார்கள். அடக்க ஆராதனையில் போதகர் என் பெயரையும் சொல்லி ஜெபித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. உங்கள் ஆட்கள், டி.வி.க்காரர்கள், சபைக்காரர்கள், குன்னத்துகால் உறவுக்காரர்கள். அந்த ஜூன் முழுக்க என் ஷெட்டில் ஆள் இல்லாத நேரமே இல்லை. எல்லாருக்கும் நான்தான் சாயா போட்டேன். ஒரு பலகையைக்கூடத் தொட முடியவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது, துக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

வேலாயுதன் அண்ணனை நீங்கள் பிடித்தது அப்போதுதான். திருப்புறத்தில் ஆற்றோரம் ஏத்தவாழை போட்டிருப்பவர். "வாழை முழுசும் வெள்ளத்துல நிக்குது மக்கா. யாரும் வெட்டலேன்னா நானே போய்ப் பொழிய வெட்டுவேன்," என்று சந்தையில் பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருந்தார். அது அவருக்கு வினையாகிவிட்டது. அவர் வெட்டவில்லை, சார். அவர் வெட்டினால் சால் அவ்வளவு நேராக வராது. பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும், பார்க்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நல்ல மனுஷர் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறாரே என்றுதான் நான் வந்தேன். அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

அவரை விடுவிக்க வேண்டுமென்றால் ஜூலையிலேயே வந்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஜூலையில் கொஞ்சம் அமைதி வரும் போலிருந்தது. உறவுக்காரர்கள் திரும்பிப் போனார்கள். ஒருநாள் முழுக்க யாரும் வரவில்லை. ஒரு பலகையைத் தேய்த்து முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலையில் ஷீனா பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

கேம்ப்பை அவள் நடத்தப் போகிறாளாம், அவன் பெயரிலேயே. குவைத் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டாளாம். செய்தியில் பார்த்துவிட்டு நிறையப் பேர் கூப்பிடுகிறார்களாம். வாசலில் நான் உட்காரும் இடத்தில் ஒரு பெஞ்சைப் போட்டாள். தினமும் அதில் உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேசுவாள். அவன் சாப்பிட்டது, சிரித்தது, என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னது எல்லாம்.

"இனி நான் எங்கயும் போவல அண்ணா," என்றாள் ஒருநாள். "மழையோ வெயிலோ, ஒன் கூடவேதான் இருப்பேன்."

எனக்குத் தங்கைமேல் பாசம் உண்டு. இருப்பது அவள் ஒருத்திதான். சின்ன வயதில் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது நான்தான். ஷைஜுவைவிட எவ்வளவோ நன்றாக நீந்துவாள். பொழி வாயில் நீச்சல் தெரிந்தும் பிரயோசனம் இல்லை, அது வேறு விஷயம்.

ஆகஸ்டில் கடல் மறுபடி மணலைத் தள்ளிப் பொழியை அடைத்துவிட்டது. மேலே மலையில் நல்ல மழை, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று ஷீனா, "அவரு நின்ன எடத்த எனக்குக் காட்டு அண்ணா. அங்க நின்னு கொஞ்சம் பூ போடணும்," என்றாள். ஷெட் வாசலிலிருந்தே கையை நீட்டிக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போகலாம் என்று சொன்னேன். அந்த நேரத்தில் கடல் இறங்கியிருக்கும், ஆறு உயரத்தில் நிற்கும். பார்த்துச் சொல்வது எனக்குப் பழக்கம். சாயந்திரம் மழை நன்றாகப் பிடித்தது. ஜாக்கெட்டெல்லாம் பூஞ்சை பிடித்திருந்ததால் மறுபடியும் டிரம்மில் ஊறப்போட்டேன். போட்டுவிட்டுக் கையைத் துடைத்தபோதுதான் இங்கே வர வேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் என்னை நம்பாமல் இருக்கலாம். மச்சினன் போன துக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று சாயா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பரவாயில்லை, நான் கோபப்படமாட்டேன். ஒரு போலீஸ்காரரை மட்டும் ஷெட்டுக்கு அனுப்புங்கள். கதவுக்குப் பின்னால் மண்வெட்டியைச் சாய்த்து வைத்திருக்கிறேன். அவர் அதை எடுத்துக்கொண்டு போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எடுத்துவிட்டால் நல்லது.