ஓகஸ்ட் முடியட்டும்

ரம்புட்டானுக்குக் கத்தி பிடிக்கக் கூடாது, ஃபாதர். பெருவிரல் நகத்தால் நடுவில் ஒரு கீறல், பிறகு இரண்டு கையாலும் ஒரு திருகு. தோல் தொப்பி மாதிரிக் கழன்று வரும், ஒரு சொட்டுச் சாறும் சிந்தாது. எடுத்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் கடைசியாகிவிட்டதால் பழம் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது. வேண்டாமென்றால் பரவாயில்லை, நான் சாப்பிடுகிறேன்.

நீங்கள் ஊதா ஸ்டோலாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டீர்கள். நானும் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். அப்படியானால் இது முறையான பாவசங்கீர்த்தனம், இங்கே சொல்வது இந்த விறாந்தையைத் தாண்டாது. இரண்டு தரம் கேட்டுவிட்டேன் என்று கோபிக்காதீர்கள். முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக இருந்தவன் நான். எந்தக் காகிதம் யார் கைக்குப் போகும் என்று தெரியாமல் கையெழுத்து வைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேர்னாட்டின் முப்பத்தோராம் நாள் பூசை. அதில் முதல் வாசகத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று என் மனைவி மாக்ரெட் ஒற்றைக் காலில் நிற்கிறாள். அவளுடைய ஒரே தம்பி அல்லவா. வாசிக்கிறவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தால் நல்லது என்று நீங்கள் சொன்னீர்களாம். என் முழங்கால் நோவுக்காக வீடு தேடி வந்திருக்கிறீர்கள், நன்றி. அவள் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போயிருக்கிறாள், வர ஒரு மணித்தியாலம் ஆகும்.

முதலில் ஓகஸ்ட் மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு அந்த மாதத்தை ருசிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். மழை விட்டிருக்கும். மத்தியானம் சோறும் பாரை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மேல்சட்டையைக் கழற்றிப்போட்டு, பாய் இல்லாமல் சிவப்புச் சீமெந்துத் தரையில் படுத்தால் முதுகு முழுக்கக் குளிர்ந்து போகும். துறைமுகப் பக்கமிருந்து காற்று வரும். மூன்றரைக்கு எழும்பிப் பால் விடாத ஒரு பிளேன்ரீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டி. பிறகு இந்தச் சாய்மனைக் கதிரை, மடிப்புக் கலையாத பத்திரிகை, மடியில் பத்து ரம்புட்டான். தொண்ணூற்று நான்கில் ஓய்வு பெற்றேன். அதன் பிறகு மூன்று ஓகஸ்ட் மாதங்கள் அப்படிப் போயின. வேறொன்றும் நான் யாரிடமும் கேட்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் எந்நேரமும் சண்டை, குண்டு, செக்பொயின்ற் என்று வாய் ஓயாமல் கதைத்தார்கள். ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஆற அமரக் குடிக்கத் தெரியாதவர்கள் நாடு கிடைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஜூன் நடுப்பகுதியில் பேர்னாட் சண்டை நடக்கிற மன்னாரிலிருந்து வந்தான். கணக்கு வாத்தியார், வயது நாற்பத்தொன்று, இழுப்புக்காரன். பெண்சாதியும் பிள்ளையும் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இவன் பாஸ்போட் எடுத்துக்கொண்டு பின்னால் போவதாக ஏற்பாடு. ஒரு கிழமை என்றான். ஏழு கிழமை இருந்தான்.

கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். கெட்டவனாக இருந்திருந்தால் வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். அவன் நல்லவன், அதுதான் தொல்லை. ஒழுகுகிற பைப்பைத் திருத்தினான். மாக்ரெட்டுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தான். அக்காவும் தம்பியும் குசினிக்குள் இருந்து சிரிக்கிற சத்தத்தில் எனக்கு மத்தியான நித்திரை போயிற்று. முப்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. என் கதிரையில் இருந்தான், என்னைக் கண்டதும் பதறி எழும்பினான், அவன் எழும்பிய பிறகு கதிரைத் துணி சூடாக இருந்தது. பத்திரிகையை எனக்கு முன்னமே வாசித்துவிட்டு, எங்கெங்கே எத்தனை பேர் செத்தார்கள் என்று தேத்தண்ணி நேரத்தில் எனக்குச் சொன்னான். இழுப்பு வந்தால் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தம், பிறகு மருந்துப் பம்பை வாயில் வைத்து உறிஞ்சுகிற சத்தம். அதையும் பொறுத்தேன்.

ஓகஸ்ட் முதலாம் திகதி நான் தூங்கி எழும்பி வரும்போது இந்தச் சின்ன மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதற்குள் இருபது ரம்புட்டான், கத்தியால் வெட்டித் தோல் உரித்து, வழுவழு என்று.

"அத்தான், இந்தாங்கோ, உங்களுக்குக் கை நோகும் எண்டு எல்லாத்தையும் உரிச்சு வைச்சிட்டன்," என்றான்.

மாக்ரெட் பக்கத்தில் நின்று பூரித்துப் போனாள். நான் இருபதையும் தின்றேன். ஒன்றுகூட இனிக்கவில்லை.

இனிப் பொலிஸ் படிவத்துக்கு வருகிறேன். உங்களுக்கும் தெரியும், வெளியூரிலிருந்து எங்கள் தமிழ் ஆட்கள் யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரன் பொலிஸில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம் எல்லாம் எழுதி, அவர்கள் முத்திரை குத்திய பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். பேர்னாட் வந்த இரண்டாம் நாளே நான் அதைச் சிங்களத்தில் எழுதி, அடித்தல் திருத்தல் இல்லாமல் கொண்டுபோய் முத்திரை வாங்கினேன். கடமையில் குறை வைக்கிறவன் அல்ல நான். தனக்கு ஒரு போட்டோ கொப்பி வேண்டுமென்று கேட்டான். அசல் வீட்டுக்காரனிடம் இருந்தால் போதும் என்றேன்.

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பாஸ்போட் கந்தோருக்குப் போன பேர்னாட்டை வழியில் செக்பொயின்றில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பொலிஸார் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மன்னார் அடையாள அட்டை, கையில் வேறு காகிதம் இல்லை. மத்தியானம் ஒரு பொலிஸ்காரன் வந்து, வீட்டுக்காரர் படிவத்தைக் கொண்டுவந்து காட்டிவிட்டு ஆளைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். மரியாதையான பெடியன். மாக்ரெட் கொச்சிக்கடை அந்தோனியாரின் செவ்வாய் நவநாளுக்குப் போயிருந்தாள்.

அலுமாரியைத் திறந்து பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் தகரப் பெட்டிக்குள்ளிருந்து படிவத்தை எடுத்தேன். காற்சட்டையும் போட்டுவிட்டேன், ஃபாதர், அதை நீங்கள் கவனிக்க வேண்டும். போவதற்குத்தான் வெளிக்கிட்டேன். ஆனால் வெளியில் சரியான வெயில். வீட்டுக்குள் ஒரு சத்தம் இல்லை. சிரிப்பு இல்லை, விசில் இல்லை, துருவுபலகை இல்லை. ஐந்து நிமிடம் தரையில் படுத்துவிட்டுப் போவோம் என்று படுத்தேன். காகிதம் காற்றில் பறந்துவிடும் என்றுதான் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகினேன். அந்தப் படத்தைத் துடைப்பதும் அதன் முன்னால் எரிகிற பல்பை மாற்றுவதும் நான் மட்டும்தான், எங்கள் வீட்டில் மற்றவர்கள் அதைத் தொட மாட்டார்கள். மூன்றரைக்கு எழும்பினேன். தேத்தண்ணி போட்டேன். கதிரைத் துணி குளிர்ந்து இருந்தது. அப்படி ஒரு பின்னேரம் இந்த வருடம் எனக்கு வாய்க்கவில்லை.

மாக்ரெட் வந்ததும் விசயத்தைச் சொன்னேன். படிவத்தைக் காணவில்லை என்றும் சொன்னேன். ஒரு பின்னேரம் எடுத்துக்கொண்டவன், இன்னும் ஒன்று எடுத்துக்கொண்டால் என்ன என்று பட்டது.

அவள் வீட்டையே கவிழ்த்துவிட்டாள். கல்யாணச் சேலையை உதறினாள், மெத்தையின் தையலைப் பிரித்தாள், அரிசிப் பானைக்குள்ளும் கை விட்டுப் பார்த்தாள். அலுமாரிக்கு மேலே பார்க்க அவள் கதிரையில் ஏறியபோது விழுந்துவிடாமல் நான் கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் காகிதம் துலைக்கிற ஆள் இல்லையே. ஆறுதலா யோசிச்சுப் பாருங்கோ. எங்க வைச்சனீங்கள்?"

"ஞாபகம் வரேல்லை, மாக்ரெட்."

தேடிக் களைத்துப்போய்த் திருஇருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, காகிதத்தைக் காட்டித் தரச் சொல்லி அழுதாள். அவளுக்கும் காகிதத்துக்கும் இடையில் அந்தப் படத்தின் மட்டைதான் இருந்தது. பிறகு தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய் நேர்ந்தாள். நான் தடுக்கவில்லை. பக்தியைக் குழப்பக் கூடாது.

பொலிஸிலும் ஒரு பிரதி இருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். அவளும் நினைத்தாள். பதிந்த ஸ்டேஷனில் எங்கள் ஒழுங்கையின் ஃபைல் எங்கேயோ மாறிப்போய்க் கிடந்தது. பிடித்து வைத்த ஸ்டேஷனிலோ, "நோனா, ஃபோம் எக்க கேன்ன," என்று ஒரே பதில், படிவத்தைக் கொண்டுவந்தால் அன்றைக்கே விடுவார்களாம். அவள் ஒவ்வொரு நாளும் காலையில் சோற்றுப் பார்சலோடு போனாள், பொழுது சாய வந்தாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக்கும் போய் வந்தாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் போவாள். உப்புக் கூடியிருக்கும், குறை சொல்லவில்லை.

ஒரு நாள் பக்கத்துப் பழக்கடை ஸாலிஹ் வந்தார்.

"அந்த ஸ்டேஷன்ல எனக்குத் தெரிஞ்ச மாத்தயா ஒருத்தர் ஈக்கிறார். நான் வந்து பேசவா?" என்று கேட்டார்.

காகிதம் இல்லாமல் போனால் உங்களையும் சேர்த்து உள்ளே போட்டுவிடுவார்கள், உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்றேன். இந்த நேரத்திலும் என்னைப் பற்றி யோசிக்கிறீர்களே என்று அவருக்குக் கண் கலங்கியது. பின்னேரம் ஒரு பை ரம்புட்டான் அனுப்பினார். மனிதர்களைத் திருப்திப்படுத்துவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மூன்றாம் கிழமை பேர்னாட்டை ஸ்டேஷனிலிருந்து சிறைக்கு மாற்றினார்கள். மாக்ரெட் கொண்டுபோன பம்பை வாசலில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவனைப் பார்க்க ஐந்து நிமிடம் விட்டார்கள். அவன் சொன்னதை வந்து அவள் எனக்கு ஒப்புவித்தாள். "அத்தானைக் குறை சொல்லாதையுங்கோ அக்கா. அவருக்கும் வயசு போயிட்டுது, மறதி வாறதுதானே." எனக்கு அறுபத்து மூன்று வயது, ஃபாதர். எண்பத்திரண்டில் வந்த கப்பல்களின் பெயரை இப்போதும் வரிசையாகச் சொல்லுவேன். சிறைக்குள் இருந்துகொண்டு என்னை மன்னிக்க இவன் யார். அன்றைக்கு எடுத்துக் கொடுப்போமா என்று ஒரு கணம் படத்தடிக்குப் போனவன், அந்தப் பேச்சைக் கேட்டதும் திரும்பி வந்து கதிரையில் இருந்தேன்.

கொடுக்காமல் விடுகிற எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஓகஸ்ட் முடியட்டும் என்றுதான் இருந்தேன். அதற்குப் பிறகு மழை பிடிக்கும், காற்று மாறும், பழமும் முடிந்துவிடும். அவன் வந்து என்ன சத்தம் வேண்டுமானாலும் போடட்டும். செப்டெம்பர் முதலாம் திகதி காலையில் எடுத்துக் கொடுப்பது என்று திகதி குறித்துவிட்டேன். கலண்டரில்கூட ஒரு புள்ளி வைத்தேன், உள்ளே போனால் பார்க்கலாம். ஒரு திகதி குறித்துவிட்டால் நான் பிந்துவதில்லை.

இருபத்தொன்பதாம் திகதி விடியக் காலையில் அவனுக்கு இழுப்பு வந்திருக்கிறது. பம்ப் இல்லை. சிறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிந்துவிட்டதாம். முப்பத்தோராம் திகதி உடலைக் கொடுத்தார்கள், அடுத்த நாள் அடக்கம். நீங்கள்தான் பூசை வைத்தீர்கள். சாமர்த்தியமான பிரசங்கம், கொஞ்சம் நீண்டுவிட்டது. பூசைக்கு முதல் வீட்டில் மாக்ரெட் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அந்தப் பேப்பர் மட்டும் கிடைத்திருந்தால், அந்தப் பேப்பர் மட்டும் கிடைத்திருந்தால் என்று கத்தியது உங்களுக்கும் கேட்டிருக்கும். அவளைப் பெண்கள் தூக்கிக்கொண்டு உள்ளே போன நேரம் கூடத்தில் நானும் அவனும்தான். அன்றைக்குத் திகதி செப்டெம்பர் ஒன்று. படத்துக்குப் பின்னாலிருந்து படிவத்தை எடுத்து, நாலாக மடித்து, அவனுடைய கோட்டின் உள்பையில் வைத்தேன். இப்போது அது மாதம்பிட்டி மயானத்தில் அவனோடு இருக்கிறது.

முகம் வெளுத்துவிட்டது உங்களுக்கு. தண்ணீர் தரவா? மாக்ரெட்டிடம் நானே சொல்ல வேண்டும் என்பீர்கள், அது உங்கள் தொழில். அவளுக்கு எஞ்சியிருப்பது நான் ஒருவன்தான், என்னையும் அவளிடமிருந்து பறிக்க உங்களுக்கு மனம் வராது. ஞாயிற்றுக்கிழமை நான் வாசிப்பேன், என் குரல் கோவிலில் கடைசி வாங்கு வரைக்கும் கேட்கும்.

ஆகவே என் பாவம் இதுதான்: மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். காணவில்லை என்று சொன்ன அந்த ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்கிறேன், நீங்கள் சொல்கிற செபங்களைச் சொல்லி முடிக்கிறேன். மற்றதெல்லாம் என் கணக்கில் வராது. கொடுப்பதாக நினைத்த நாளில், நினைத்த ஆளிடம், காகிதத்தைக் கொடுத்துவிட்டேன், ஃபாதர். மூன்று நாள் பொறுத்திருக்க முடியாமல் போனது அவனுக்குத்தான்.