வழக்குப் போட்டவர் சொன்ன சாட்சி

பருத்தித்துறை பஸ்ஸின் கடைசி இருக்கையில் மூன்று பேர் இருந்தோம்: மடியில் பழைய பைலோடு ஓர் அம்மா, அவருடைய ஊர்க்காரர் ஒருவர், இறங்கும் இடம் தவறிவிடுமோ என்ற பயத்தில் நான்.

“நான் வழக்குப் போட்டபடியால்தான் பக்கத்து வீட்டு மனுசன் இண்டைக்கு ஊருக்கு வாறார்,” என்றார் அம்மா.

“என்னக்கா விசர்க்கதை? வேலிக்காக அவரோடை கோர்ட்டுக்குப் போனனீங்கள் எல்லோ?” என்றார் ஊர்க்காரர்.

“ஓம் தம்பி, ஒரு முழத்துக்காக. பிறகு ஷெல்லடியிலை அவர் இந்தியாவுக்குப் போயிட்டார். முப்பது வருசம் முகாமிலை. காணி உறுதிப் பத்திரமும் துலைஞ்சுபோச்சு. திரும்பி வாறதெண்டால், காணி அவற்ரைதான் எண்டதுக்கு அத்தாட்சி வேணுமாம்.”

“பிறகு?”

அம்மா பைலைத் தட்டினார். “வழக்கிலை அவர் காட்டின உறுதியின்ரை பிரதி என்ரை வழக்குக் கட்டுக்குள்ளை கிடந்தது. இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவித் திரிஞ்சனான். காணிக் கந்தோர் அதிகாரிக்கு முன்னாலை கொண்டுபோய் வைச்சு, சாட்சிக் கையெழுத்தும் நானே போட்டன். காணி கிடைச்சிட்டுது.”

“அப்ப சண்டை முடிஞ்சுது.”

“ஆர் சொன்னது? வழக்கிலை வெண்டது நான். அவர் கட்டவேண்டிய செலவுக்காசு இன்னும் வரேல்லை. முந்நூற்றைம்பது ரூபாய்.”