வரைபடத்தின் அடியில் போட்ட தேதி

என் பெயர் நல்லசாமி, தகப்பனார் பெயர் ஆறுமுகம். வயது 66. முகவரி எண் 27, லோரோங் 4, தாமான் மெலோர் இண்டா, சிரம்பான். இப்போது ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, கேட்டில் காவல் இருக்கிறேன். அதற்கு முன் தம்பினுக்கும் கெமாசுக்கும் நடுவில் உள்ள, எங்கள் ஆட்கள் ஊசிமலைத் தோட்டம் என்று சொல்லும் தோட்டத்தில் 27 வருடம் டிராக்டர் ஓட்டினேன். யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். நான் சொல்வதைச் சார்ஜன் மகேந்திரன் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.

8.6.2025 அன்று அந்தத் தோட்டத்துக்குள் நடந்த விபத்தில் இறந்துபோன தனலெட்சுமி என் மனைவி. காரை ஓட்டிய சசிதரன் என் மகள் புனிதாவின் கணவர். அவர் கவனமில்லாமல் ஓட்டினார் என்று வழக்கு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். தான் வேகமாக வந்ததாகவும் பாலத்தைக் கவனிக்கவில்லை என்றும் அவரே உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய். அந்தப் பொய்யை அவர் எனக்காகச் சொன்னார்.

எங்கள் குடும்பம் காரில் எங்கே போனாலும் பாதையை நான்தான் போடுவேன். பென்சிலில் வரைந்து கொடுப்பேன், புனிதா கணினியில் சரிசெய்து அச்செடுப்பாள், பிறகு போட்டோஸ்டாட் கடையில் பிளாஸ்டிக் ஒட்டி காருக்கு ஒன்று கொடுப்போம். இது பதினெட்டு வருடமாக நடக்கிறது. சி ரூசா கடற்கரைக்குப் போவதற்குக்கூடப் போட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டே போகிற இடத்துக்கு எதுக்கு மாமா மேப்பு என்று சசிதரன் கேலி செய்வார். எனக்குக் கைப்பேசி காட்டும் வழியில் நம்பிக்கை இல்லை, தோட்டத்துக்குள் லைனும் கிடைக்காது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் நான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய் ஒவ்வொரு முனையையும் பார்த்துவிட்டு வருவேன். அதன் பிறகுதான் வரைபடத்தின் அடியில் 'நேரில் பார்த்தது' என்று தேதி போட்டுக் கையெழுத்து வைப்பேன். தூரமான ஊர் என்றால் போகமாட்டேன், தேதியும் போடமாட்டேன். தேதி இருந்தால் அந்தப் பாதையில் யாரும் கேள்வி கேட்கக்கூடாது. வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவனும் நான்தான்.

இந்த வருடம் ஊசிமலை முனீஸ்வரர் கோயில் பூசைக்கு இரண்டு காரில் போவதாக முடிவு செய்தோம். 31.5.2025 சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மோட்டாரில் கிளம்பினேன். தோட்டத்துக் கேட்டில் ஒரு ஜாகா என்னை நிறுத்தி, திருவிழா அன்றுதான் கேட்டைத் திறந்துவிடுவோம், மற்ற நாளில் வெளியாளை விடக்கூடாது என்றார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். நான் வெளியாள் இல்லை, நீ பிறப்பதற்கு முன்பே இந்த ரோட்டில் டிராக்டர் ஓட்டியவன் என்று சத்தம் போட்டேன். கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். நானும் அதே வேலைதான் செய்கிறேன், கடிதம் இல்லாமல் நானும் யாரையும் விடமாட்டேன். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கால் மணி நேரம் கேட்டுக்கு எதிரிலேயே நின்றேன், அதன் பிறகு திரும்பிவிட்டேன்.

சீக்கிரம் வீட்டுக்குப் போனால் மனைவி கேட்பாள் என்று தம்பினில் ஒரு கடையில் பகல் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரும் வழியில் ரோட்டோரம் செம்மண் சகதி கிடந்தது. அதில் மோட்டாரை இரண்டு தடவை விட்டு எடுத்தேன். சக்கரத்தில் மண் ஒட்ட வேண்டும் என்றுதான் செய்தேன். வீட்டில் தனலெட்சுமி அதைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு தூரம் போய் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா என்று திட்டினாள், பிறகு அவளே தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். அன்று சாயந்திரம் பழைய ஞாபகத்தில் உள்பாதையை வரைந்தேன். அடியில் 31.5.2025 என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

8.6.2025 அன்று காலை கிளம்பினோம். வழக்கமாக முன் காரில் நான் இருப்பேன். அன்று சாமிக்குப் பூமாலை வாங்க என் மகன் திருச்செல்வத்தின் காரில் தம்பினில் நின்றுவிட்டேன். பேத்தி பாட்டியை விடமாட்டேன் என்று அழுததால் தனலெட்சுமி சசிதரன் காரில் முன் சீட்டில் ஏறினாள். வரைபடம் அவள் மடியில் இருந்தது. தோட்டத்துக் கேட் திறந்திருந்தது, எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. நாங்கள் பின்னால் இருபது நிமிடம் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது பாலம் உடைந்து கார் கால்வாய்க்குள் இடப்பக்கமாகக் கிடந்தது. மழைத் தண்ணீர் நிறைய ஓடியது. புனிதாவையும் பேத்தியையும் சசிதரன் மேலே ஏற்றியிருந்தார். தனலெட்சுமியை இழுக்க முடியாமல் கழுத்தளவு தண்ணீரில் நின்று அத்தை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான் வரைந்தது பழைய பலகைப் பாலம். தோட்டத்தில் கொஞ்ச தூரம் தள்ளிப் புதுப் பாலம் கட்டி, லோரிகள் அந்த வழியாகத்தான் போகின்றன என்று அங்கே வந்தவர்கள் சொன்னார்கள். கேட்டுக்குள் போயிருந்தால் அது என் கண்ணில் பட்டிருக்கும்.

அதன் பிறகு 23.6.2025 அன்று கருமக்கிரியை முடிந்ததும் சசிதரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வரைபடத்தைக் கொடுத்தார். போலீஸ் வருவதற்கு முன்பே அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாராம். 'மாமா, இத நீங்களே கிழிச்சுப் போட்டுருங்க' என்றார். பிளாஸ்டிக் ஒட்டியிருந்ததால் தண்ணீரில் ஒன்றும் ஆகவில்லை, தேதி நன்றாகத் தெரிந்தது. நான் புனிதாவிடம் போய் என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் முதலில் சொல்ல மறுத்தாள், பிறகு சொன்னாள். சசிதரன் பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்திருக்கிறார். புல் முளைத்திருக்கிறது, லோரி போன தடமே இல்லை, திரும்பிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். தனலெட்சுமி வரைபடத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டியிருக்கிறாள்.

'தேதி போட்டிருக்காங்க பாருங்க மாப்ள. ஒங்க மாமா போய்ப் பாக்காம தேதி போடமாட்டாங்க.'

அதற்குப் பிறகுதான் அவர் காரை எடுத்திருக்கிறார்.

கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். யாரும் என்னைக் குறைவாக நினைத்திருக்கமாட்டார்கள். என் மனைவியைக் கொன்றது என் வீம்பு. சசிதரன் மேல் எந்தத் தவறும் இல்லை. எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி, அவர் மேல் வழக்கு வேண்டாம். வரைபடத்தை நான் கிழிக்கவில்லை. இதோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.

எழுதியதைச் சார்ஜன் எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார், நானும் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. கீழே கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னார். போட்டிருக்கிறேன். இந்தத் தேதியில் நான் இங்கே நேரில் வந்தேன். இது உண்மையான தேதி.

ஆ. நல்லசாமி
25.6.2025